"அண்ணா, காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க!" - இதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

இரவு எட்டரை மணி. பல்லடம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்புகிறவர்கள் என்று கடை முன்னால் சின்னக் கூட்டம்.

"அண்ணா, காய்ச்சலுங்க. ஒடம்பெல்லாம் வலி, மூக்கும் ஒழுகுது. ரெண்டு வேளைக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெள்ளையில் ரெண்டு, மஞ்சளில் ரெண்டு, குட்டியாக இன்னொரு ரெண்டு. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, காகித உறையில் போட்டு, "சாப்ட்டு போட்டுக்கோங்க" என்கிறார். மொத்தமே ஒரு நிமிஷம்தான். பில் கிடையாது.

நீங்களும் இப்படி வாங்கியிருப்பீங்க. நானும் வாங்கியிருக்கேன். டாக்டரைப் பார்க்கப் போனால் அரை நாள் போகும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு, தறி ஓட்டுகிறவருக்கு அரை நாள் என்பது அந்த வாரச் சம்பளத்தில் விழுகிற ஓட்டை. அதனால் யாரையும் குறை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. ஆனால், அந்தக் காகித உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விழுங்குவதில் இருக்கும் ஆபத்து, நாம் நினைப்பதைவிடப் பெரியது. ஐப்பசி மழையில் ஆரம்பித்து மார்கழிப் பனி வரை இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருக்கும் காலத்தில், இதைப் பேசியே ஆகணும்.

முதலில் அந்த சிரப் கதை

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆரம்பம் என்னவோ சாதாரண சளி, காய்ச்சல்தான். மருந்து கொடுத்த சில நாட்களில் வாந்தி வந்தது, சிறுநீர் நின்றது, கிட்னி செயலிழந்தது. உயிரிழந்தவர்கள் 20 பேருக்கும் மேல். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அவர்கள் குடித்தது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப். அதைத் தயாரித்தது நம்ம தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ். அக்டோபர் தொடக்கத்தில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கே சோதனை செய்து, எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சைப் பரிசோதித்தது. அதில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம் மட்டுமே. அதாவது, கிட்டத்தட்ட 500 மடங்கு! சிரப்புக்குத் தடை வந்தது, உரிமையாளர் கைதானார், நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. அக்டோபர் 13 அன்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது.

டைஎத்திலீன் கிளைக்கால் என்பது பிரேக் ஆயில் போன்ற தொழிற்சாலைப் பொருட்களில் பயன்படும் ரசாயனம். நிறம் இருக்காது, குடித்தால் இனிக்கும். சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போலவே இருக்கும். தரம் குறைந்த மூலப்பொருளை வாங்கி, பரிசோதிக்காமல் கலந்தால் விஷம் பாட்டிலுக்குள் வந்துவிடும். இது புதுசும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே ரசாயனத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், 1938-ல் அங்கே மருந்துப் பாதுகாப்புக்குக் கடுமையான சட்டம் வந்தது. 2022-ல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட சிரப்புகளும் இந்தியாவில் தயாரானவைதான்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் நம்மால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது அரசாங்கத்தின் வேலை, கம்பெனியின் பொறுப்பு. ஆனால் நம் கையில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த சிரப் குழந்தைக்குத் தேவையா என்று கேட்பது.

கோல்ட்ரிஃபில் இருந்த மருந்துகள் மூன்று: பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமைன், ஃபினைல்எஃப்ரின். இதில் கடைசி இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி, 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருந்தது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகமும் தெளிவாகச் சொன்னது: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது. 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை.

காரணம் ரொம்ப எளிமையானது. குழந்தைகளின் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. தானாகவே போய்விடும். சிரப் கொடுத்தாலும் அதே நாள், கொடுக்காவிட்டாலும் அதே நாள்.

டிராப்ஸ் வேற, சிரப் வேற!

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால், தப்பு நடப்பது அளவில்தான். கடையில் அது மூன்று விதமாகக் கிடைக்கும். டிராப்ஸில் 1 மில்லிக்கு 100 மி.கி. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. அடர்த்தியான சிரப்பில் 5 மில்லிக்கு 250 மி.கி.

குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை என்பதுதான் ஒரு வேளைக்கான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்தால், சாதாரண சிரப்பில் கிட்டத்தட்ட 6 மில்லி, அடர்த்தியான சிரப்பில் 3 மில்லி, டிராப்ஸில் வெறும் ஒன்றரை மில்லி. "போன தடவை 6 மில்லிதானே கொடுத்தோம்" என்று ஞாபகத்தில் டிராப்ஸை 6 மில்லி ஊற்றினால், அது 600 மி.கி. நான்கு மடங்கு!

அதனால் வயதைச் சொல்லி வாங்காதீங்க. எடையைச் சொல்லுங்க. வீட்டு ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோதான் அளவு. 3 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதையும் நீங்களாகக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போயிடுங்க.

பெரியவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு

பாராசிட்டமால் பாதுகாப்பான மருந்துதான். ஆனால், ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000 மி.கி. அதைத் தாண்டினால் அடி விழுவது கல்லீரலுக்கு. "யாருங்க அவ்ளோ போடுவாங்க?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்க.

காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை, ஒரு நாளைக்கு நாலு. அது 2,600. கூடவே சளிக்கு என்று ஒரு 'கோல்ட்' மாத்திரை, மூணு வேளை. பெரும்பாலான கோல்ட் மாத்திரைகளுக்குள்ளும் 325 அல்லது 500 மி.கி. பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. 500 என்றால் மூணு வேளைக்கு 1,500. மொத்தம் 4,100. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. செட் மாத்திரையில் நடக்கும் முதல் விபத்து இதுதான்.

தினமும் குடிப்பவர்கள், ஏற்கெனவே கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், ரொம்ப ஒல்லியானவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் குறைவு. "பிராந்தியில மிளகுத்தூள் போட்டு அடிச்சா சளி ஓடிடும்" என்று சொல்லும் மாமா எல்லா ஊரிலும் இருக்கிறார். சளி ஓடாது. அதன்மேல் மாத்திரையும் போட்டால் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை.

மழைக்காலத்தில் வலி மாத்திரையா? ஸ்டாப்!

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. நம்ம பக்கம் மழை சீசனில் வரும் காய்ச்சல் ஃப்ளூவாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் வீட்டுக்கு வீடு ட்ரம், தொட்டி என்று பிடித்து வைக்கிறோம். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான்.

முதல் ரெண்டு மூணு நாளில் ஃப்ளூவும் டெங்குவும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி. இந்த நேரத்தில் "வலி தாங்கல" என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளைப் போட்டால், டெங்குவாக இருக்கும்பட்சத்தில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அதனால்தான் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும்தான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் 'ரேய் சிண்ட்ரோம்' என்ற அரிதான, ஆபத்தான பாதிப்பு வரலாம்.

இன்னொன்று. டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். "ஜுரம் விட்டுருச்சு, வேலைக்குப் போலாம்" என்று கிளம்பும் அந்த நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தலைசுற்றல், கை கால் ஜில்லென்று ஆவது இருந்தால், நேராக ஆஸ்பத்திரி.

அந்தச் சிவப்புக் கோட்டைக் கவனிச்சிருக்கீங்களா?

சில மாத்திரை அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். ஆன்டிபயாட்டிக்குகளில் இந்தக் கோட்டைப் பாருங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் ஒரு பிரசாரமே நடத்தியது.

நம்ம ஊர் செட் மாத்திரையில் அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்றவை சகஜமாக வந்துவிடுகின்றன. ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை. சளியும் ஃப்ளூவும் வைரஸ். கூட்டுக்குப் போட்ட பூட்டுச் சாவியை வைத்து வீட்டைத் திறக்கிற கதைதான்.

"எனக்கு அசித்ரோமைசின் போட்டதும் மூணே நாள்ல சரியாயிடுச்சே?" என்று கேட்கலாம். 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவ சங்கம் சொன்னதைப் பாருங்க. காய்ச்சல் மூன்று நாளில் தானாகப் போய்விடும், இருமல் மட்டும் மூன்று வாரம் வரை நீடிக்கலாம், ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்த்து அறிகுறிகளுக்கு மட்டும் சிகிச்சை கொடுங்கள் என்றது. அதாவது, மூணாவது நாள் உங்களைச் சரியாக்கியது உங்கள் உடம்பு. பெயர் வாங்கியது மாத்திரை.

சும்மா போடுவதால் என்ன நஷ்டம்? உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியாவோ, சிறுநீர்த் தொற்றோ, அறுவை சிகிச்சைப் புண்ணோ வந்தால் அந்த மருந்து வேலை செய்யாது. பல்லடத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. இது கறிக்கோழிப் பண்ணைகளின் ஊர். கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் நாட்டில் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. அதனால்தான் 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது. கோழிக்கே தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது என்றால், நமக்கு நாமே ஏன் கொடுத்துக்கணும்?

டாக்டர் பரிசோதித்து ஆன்டிபயாட்டிக் எழுதினால் அது வேறு. அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடுங்க. மீந்ததை டப்பாவில் வைத்து அடுத்த வருஷம் தம்பிக்குக் கொடுக்காதீங்க.

செட்டுக்குள் வரும் 'குட்டி மாத்திரை' மேலும் ஒரு கண் வேண்டும். அது சில நேரம் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டாக இருக்கலாம். போட்டதும் பசிக்கும், தெம்பாக இருக்கும், வலி மறையும். ஆனால், சுகர் இருப்பவர்களுக்குச் சர்க்கரை எகிறும். அடிக்கடி போட்டால் எதிர்ப்புச் சக்தியும் எலும்பும் பலவீனமாகும்.

தூக்க மாத்திரை இல்லைதான். ஆனா, தூக்கம் வரும்!

மூக்கு ஒழுகலுக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் குளோர்ஃபெனிரமைன் நன்றாகவே தூக்கம் தரும். செட்ரிசின், லெவோசெட்ரிசின் கொஞ்சம் குறைவு, ஆனால் பலருக்கு அதிலும் கண் சொக்கும். இதைப் போட்டுக்கொண்டு தறிக்குழியில் நிற்பது, கட்டிங் மெஷினில் கை வைப்பது, கோவை - திருச்சி சாலையில் லாரிகளுக்கு நடுவே ராத்திரி பைக் ஓட்டுவது... நினைத்துப் பாருங்க. கை விரல் போவதற்கு ஒரு நொடி அசந்தால் போதும்.

வாங்கும்போதே "இது தூக்கம் வருமாங்க? நான் நைட் ஷிப்ட்" என்று சொல்லுங்க. தூக்கம் குறைவாகத் தரும் ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாற்று உண்டு, டாக்டரிடம் கேட்கலாம். தூங்கப் போகும் முன் மட்டும் போடுவது இன்னொரு வழி.

பி.பி. இருப்பவர்கள் கவனிக்க: மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அப்பாவுக்கு வாங்கும்போது "பி.பி. மாத்திரை சாப்பிடுறார்" என்று கட்டாயம் சொல்லுங்க. மூக்கில் விடும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளைக்கு மேல் விட்டால் மருந்தே மூக்கடைப்பை உண்டாக்கும். வெறும் உப்புநீர் சொட்டில் இந்தப் பிரச்னை இல்லை. கர்ப்பிணிகள் எந்த மாத்திரையாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

பாட்டி வைத்தியம் ஓகே. ஆனா...

சுடுதண்ணீர், ரசம், கஞ்சி, சுக்குக் காபி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது, நல்ல தூக்கம். எல்லாமே இதம். ஆனால், மூன்று விஷயங்களில் ஜாக்கிரதை.

ஒன்று, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான பாதிப்பு வரலாம்.

இரண்டு, தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது. கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். கைக்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்று, குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிப்பது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய கஷ்டம்.

"லீவு போட்டா சம்பளம்?"

நியாயமான கேள்வி. உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், நோய்க்கால உதவி என்று ஒன்று இருக்கிறது. தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து, ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம் வரை, வருஷத்துக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாள் கணக்கில் வராது என்பதால் சாதாரணச் சளிக்கு உதவாது. ஆனால், ஃப்ளூவோ டெங்குவோ ஒரு வாரம் படுக்கப் போட்டால் உதவும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்க.

டாக்டர் செலவுக்குப் பயந்து கடைக்குப் போகிறீர்கள் என்றால், அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் இலவசம். போகலாமா வேண்டாமா என்று குழப்பமா? 104-க்கு போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். அவசரம் என்றால் 108.

எப்போ உடனே ஆஸ்பத்திரி?

* மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது
* மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், அல்லது விட்டுத் திரும்ப வருவது
* குழப்பமான பேச்சு, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம்
* குழந்தை பால் குடிக்க மறுப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, 6 - 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
* மருந்து கொடுத்த பிறகு தடிப்பு, முகவீக்கம், தொடர் வாந்தி

முதியவர்கள், கர்ப்பிணிகள், சுகர், ஆஸ்துமா உள்ளவர்கள் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். ஃப்ளூவுக்கான ஒசல்டமிவிர் மருந்து அவர்களுக்குத் தேவைப்பட்டால், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதில்தான் பலன் அதிகம். பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்கில் வேலை செய்து ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர்களும் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

கடையில் நிற்கும்போது...

மறுபடியும் அந்த மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். அடுத்த தடவை நிற்கும்போது இவ்வளவு செய்தால் போதும்.

"செட்" கேட்காதீங்க. "பாராசிட்டமால் 650, ஒரு அட்டை" என்று பேர் சொல்லிக் கேளுங்க. அட்டையை வெட்டும்போது எக்ஸ்பைரி தேதியும் பேட்ச் நம்பரும் இன்னொருவர் துண்டோடு போய்விடும். முழு அட்டையாக வாங்குங்க. முடியாவிட்டால் வெட்டுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பில் கேளுங்க, அதில் பேட்ச் நம்பர் இருக்கும். கோல்ட்ரிஃப் மாதிரி ஒரு பேட்ச் சிக்கினால், நம் வீட்டில் இருப்பது அதுவா என்று தெரிந்துகொள்ள அந்த நம்பர்தான் வழி. அதிகம் விற்கும் 300 பிராண்டு மருந்துகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூ.ஆர். கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், பேட்ச், காலாவதி தேதி எல்லாம் வரும்.

மருந்தால் ஏதாவது ஒவ்வாமை, பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் பதிவு செய்யலாம்.

பக்கத்து ரூமில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தங்கியிருக்கும் தம்பிகள் இருப்பார்கள். கடையில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்கக்கூட அவர்களுக்கு மொழி தெரியாது. அவர்கள் கையில் காகித உறையைப் பார்த்தால், வாங்கிப் பிரித்துப் பாருங்க. சிவப்புக் கோடு இருக்கா, ஒரே மருந்து ரெண்டு பேரில் இருக்கா என்று சொல்லிக் கொடுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.